ஃபீட்பேக் சிஸ்டம் படிப்பது எப்படி? குமரி மாவட்ட பொறியியல் மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பாடத்திட்டத்தில் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் என்று இருக்கும். வெளிநாட்டில் சில பல்கலைக்கழகங்கள் இதையே சைபர்நெட்டிக்ஸ் என்கின்றன. பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான்: ஒரு பொருளை அளந்து, அளந்ததை வைத்து அதையே திருத்துவது.

இந்தப் பாடத்தில் அரியர் வைக்கும் பிள்ளைகளுடன் உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். சுற்று நிலையாக நிற்குமா என்று பார்க்கும் ரௌத் அட்டவணை போடத் தெரியும், அதிர்வெண்ணுக்கு ஏற்ப அளவும் கோணமும் மாறுவதைக் காட்டும் போடே பிளாட் கிராஃப் ஷீட்டில் வரையத் தெரியும். ஆனால் எதற்காக வரைகிறோம் என்று கேட்டால் முழிப்பார்கள். பாடம் கடினம் என்பதைவிட, படிக்கிற வரிசை தப்பு என்பதே என் கணிப்பு. கையால் ஒரு சுற்றை மூடிப் பார்த்துவிட்டு (அளந்ததை வைத்தே பொருள் தன்னைத் திருத்தும்படி இணைப்பதுதான் சுற்றை மூடுவது) லாப்லாஸ் கணக்குக்குப் போனால் பாதி பாரம் இறங்கிவிடும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. நடுவிலிருந்து தொடங்க வேண்டாம்.

1. எந்தப் படிப்பில் சேர்ந்தால் இது கிடைக்கும்

கலந்தாய்வுப் பட்டியலில் சைபர்நெட்டிக்ஸ் என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நம் ஊரில் இந்தப் பாடம் இஇஇ (எலக்ட்ரிக்கல் அண்டு எலக்ட்ரானிக்ஸ்), இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன்), எலக்ட்ரானிக்ஸ் அண்டு இன்ஸ்ட்ருமென்டேஷன், மெகட்ரானிக்ஸ் ஆகிய பிரிவுகளுக்குள் இருக்கிறது. இதையே முழுநேரமாகப் படிக்க ஆசையென்றால் திருச்சி என்ஐடியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்டு கண்ட்ரோல் துறை உண்டு. சென்னை குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்ஐடி வளாகத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷன் துறை உண்டு. கட்-ஆஃப் அந்த அளவுக்கு எட்டவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. நாகர்கோவில் கோணத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியிலோ வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள வேறு கல்லூரியிலோ இஇஇ எடுத்தாலும் இந்தப் பாடத்தின் அடிப்படை மாறப்போவதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் இசிஇ பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் 3-ஆம் செமஸ்டரிலேயே வந்துவிடும். இஇஇ பிள்ளைகளுக்கு 5-ஆம் செமஸ்டரில் வரும். அதனால் இசிஇ எடுத்தவர்கள் முதலாம் ஆண்டு முடிந்த விடுமுறையிலேயே படி 2 முதல் 6 வரை முடித்துவிட வேண்டும். இஇஇ எடுத்தவர்களுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அந்த ஒரு வருடம் கிடைத்ததாலேயே தொடங்காமல் விட்டவர்களும் உண்டு.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

முதலில் கணக்கு. தமிழ்நாடு பாடநூல் பிளஸ் டூ கணிதத்தில் மூன்று பாடங்கள் போதும்: அணிகள், கலப்பு எண்கள், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள். தமிழ் வழியில் படித்தவர்கள் அந்தப் பழைய புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடத்தில் நியூட்டனின் குளிர்தல் விதி வரும். சூடான பொருள் அறை வெப்பநிலைக்கு இறங்கும் கணக்கு. அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். படி 5-இல் அதே கணக்குதான் வரப்போகிறது, அதனால் மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கலப்பு எண்ணில் ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு கலப்பு எண்ணைக் கொடுத்தால் அதன் அளவையும் கோணத்தையும் கால்குலேட்டரில் பிழையில்லாமல் எடுக்க வர வேண்டும். எண் இரண்டாம் கால்பகுதியில் இருக்கும்போது கால்குலேட்டர் காட்டும் கோணம் தப்பு, 180 டிகிரி சேர்க்க வேண்டும். போடே பிளாட்டில் மதிப்பெண் போகும் இடங்களில் பாதி இதுதான்.

அடுத்தது பொருள்கள்: ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி ஓட்டும் சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகை) ஒன்று, டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஐஆர்எல்இசட்44என் என்ற மாஸ்ஃபெட் (மின்சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்), பைக்கில் போடும் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப், 12 வோல்ட் 5 ஆம்பியர் பவர் சப்ளை, மூடி உள்ள பழைய பிஸ்கட் டின். பல்ப் டூவீலர் ஸ்பேர் கடையில் கிடைக்கும், மற்றவை எலக்ட்ரானிக்ஸ் கடையில்.

மாஸ்ஃபெட் வாங்கும்போது எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். நடுவில் எல் இருக்க வேண்டும். கடையில் ஐஆர்எஃப்இசட்44என் எடுத்து நீட்டி, ரெண்டும் ஒண்ணுதான் என்பார்கள். ஒன்றல்ல. ஆர்டுயினோ தரும் 5 வோல்ட்டில் அது முழுதாகத் திறக்காது, பல்ப் மங்கலாக எரியலாம், மாஸ்ஃபெட் தேவையில்லாமல் சுடலாம்.

கணினியில் சைலாப் அல்லது ஆக்டேவ் என்ற கணக்கு மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம். மேட்லாப் கல்லூரி லேபில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. சைலாபுக்கு ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியலில் பாடங்கள் இருக்கின்றன.

3. கண்ணில் படும் சுற்றுகளை வரைந்து பழகுங்கள்

சூத்திரத்தைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டு போட்டு பிளாக் டயகிராம் (ஒவ்வொரு பாகத்தையும் ஒரு கட்டமாகப் போட்டு அம்புக்குறியால் இணைக்கும் படம்) மட்டும் வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்வி: எதை அளக்கிறோம்? எவ்வளவு வேண்டும் என்று யார் சொல்கிறார்? எதைத் திருப்பித் திருத்துகிறோம்? வெளியிலிருந்து குழப்புவது எது? திருத்தியது தெரியவர எவ்வளவு நேரமாகும்? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். இந்தப் பாடத்தின் பாதி அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

எளிதான ஒன்றில் தொடங்குங்கள்: மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் மிதவை சுவிட்சும். தண்ணீர் கீழ்க்கோட்டுக்கு இறங்கினால் மோட்டார் ஓடும், மேல்கோட்டைத் தொட்டால் நிற்கும். இரண்டு கோடும் ஏன் ஒரே இடத்தில் இல்லை என்று யோசியுங்கள். ஒரே இடத்தில் இருந்தால் தண்ணீர் அலம்புவதற்கெல்லாம் மோட்டார் விட்டுவிட்டு ஓடி, காயில் போய்விடும்.

அடுத்து ஆரல்வாய்மொழி பக்கம் பஸ்ஸில் போகும்போது முப்பந்தல் காற்றாலைகளைக் கவனியுங்கள். காற்று சற்றுத் திசை மாறியதும் தலை உடனே திரும்பாது. திசை வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டி, அது கொஞ்ச நேரம் நீடித்த பிறகுதான் மோட்டார் தலையைத் திருப்பும். அங்கும் அதே இரட்டைக்கோடுதான். பெரிய காற்றாலைகளில் இன்னொரு சுற்றும் உண்டு: காற்று வேகம் அளவுக்கு மேல் போனால் இறக்கையின் கோணத்தை மாற்றி மின் உற்பத்தியை ஒரே அளவில் நிறுத்துவது. பழைய சிறிய காற்றாலைகளில் பலவற்றுக்கு அந்த வசதி கிடையாது, இறக்கையின் வடிவமே பலத்த காற்றில் தூக்குவிசையைக் குறைத்துவிடும். ஒன்றில் பின்னூட்டம் (ஃபீட்பேக்) உண்டு, மற்றதில் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் வரைந்து வையுங்கள்.

மூன்றாவது, பேச்சிப்பாறை அணை. முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. இதில் இரண்டு சுற்று இருக்கிறது, பிள்ளைகள் ஒன்றைத்தான் வரைவார்கள். மழைக்காலத்தில் அணை மட்டத்தைப் பார்த்து உபரிநீரைத் திறந்துவிடுவது ஒன்று. பாசனத்துக்குக் கால்வாயில் விடும் தண்ணீர் இன்னொன்று. கடைவரம்புக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று விவசாயிகள் சொன்னால் கூடுதலாகத் திறப்பார்கள். இங்கே சென்சார் மனிதன்தான், அந்தப் புகார்தான் பின்னூட்டம். திறந்த தண்ணீர் உடனே கடைவரம்பைத் தொடாது. வந்து சேருமுன் பொறுமையிழந்து மறுபடியும் கூட்டினால் என்ன ஆகும் என்று நேரக்கோட்டில் வரைந்து பாருங்கள். வரைந்ததை பத்திரமாக வைத்திருங்கள், படி 7-இல் வேண்டும்.

4. டின்னைத் தயார் செய்யுங்கள், ஆனால் சுற்றை மூடாதீர்கள்

டின்னுக்குள் பல்ப், எதிர்ப்பக்கம் சென்சார். ஆர்டுயினோ பிடபிள்யூஎம் (வேகமாக விட்டுவிட்டு மின்சாரம் கொடுத்து, சக்தியை 0 முதல் 255 வரையிலான எண்ணால் கூட்டிக் குறைப்பது) கொடுக்க, மாஸ்ஃபெட் பல்பை ஏற்றி இறக்கும். சென்சாரின் டேட்டா கம்பிக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம்.

பல்ப் வெளிச்சம் நேராகச் சென்சாரில் படாமல் நடுவில் ஓர் அட்டையை நிறுத்துங்கள். சென்சாரைக் கம்பியால் கட்டி அசையாமல் வையுங்கள். அது அரை அங்குலம் நகர்ந்தாலும் நேற்று எடுத்த அளவுகள் இன்றைக்கு உதவாது. புதியவர்கள் நாள் முழுக்கக் குழம்புவது நிரலில் இருக்கும் தப்பால் அல்ல, தொங்கிக்கொண்டிருக்கும் சென்சாரால்.

டின்னுக்குப் பதில் தெர்மாகோல் பெட்டி வேண்டாம், உருகும். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட் பல்பும் ரிலேயும் வேண்டவே வேண்டாம். ரிலே கொண்டு இந்த வேகத்தில் பிடபிள்யூஎம் செய்யவும் முடியாது.

நிரலில் முதலில் எழுத வேண்டியவை இரண்டு பாதுகாப்பு வரிகள். சென்சார் வயர் விட்டுப்போனால் வழக்கமான நூலகம் −127 டிகிரி என்று காட்டும். கண்ட்ரோலர் (அளவைப் பார்த்து பல்பைத் திருத்தும் நிரல்) அதை நம்பினால் டின் உறைபனியில் கிடப்பதாக நினைத்து பல்பை முழுசாக எரிக்கும். ஆகவே −127 வந்தால் வெளியீடு 0. அதேபோல் வெப்பநிலை 75 டிகிரியைத் தாண்டினாலும் வெளியீடு 0. இன்னொரு சங்கதி: மின்சாரம் கொடுத்தவுடன் சென்சார் முதல் அளவாக 85 காட்டக்கூடும். அது டின்னின் சூடு அல்ல, சென்சார் இன்னும் அளக்கவே தொடங்கவில்லை என்று அர்த்தம். அதைத் தூக்கிப் போடுங்கள்.

இந்த வரிகளை எழுதாமல் போன ஒரு பையன், டின் சுட்டுத் தள்ளியபோது கேட்டான்: "அண்ணா, செட் பாயிண்ட் 50 தானே குடுத்தேன், பல்பு ஏன் அணையவே மாட்டேங்குது?"

"வயரை இழுத்துப் பாரு மக்கா."

இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

5. ஸ்டெப் சோதனை: டின்னின் குணத்தை எண்ணாக்குங்கள்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டுபவர்கள்தான் அதிகம். இதில் ஒரு முழு நாள் செலவழித்தாலும் தகும்.

டின் அறை வெப்பநிலையில் இருக்கும்போது பிடபிள்யூஎம்-ஐ 0-விலிருந்து 100-க்கு ஒரே தாவலில் ஏற்றுங்கள். விநாடிக்கு ஒரு அளவாகப் பதியுங்கள். டிஎஸ்18பி20 12-பிட் துல்லியத்தில் ஒரு அளவெடுக்க 750 மில்லிவிநாடி வரை எடுக்கும், ஆகவே விநாடிக்கு ஒன்றுக்கு மேல் கேட்காதீர்கள். வெப்பநிலை ஏறி, ஓர் இடத்தில் நிலைத்து, அதன்பின் பத்து நிமிடம் அசையாமல் இருக்கும்வரை காத்திருங்கள். பாதியில் நிறுத்தினால் கணக்கு முழுக்கத் தப்பாகும்.

உதாரணத்துக்குச் சில எண்கள். தொடக்கம் 30 டிகிரி, நிலைத்தது 54 டிகிரி. 100 பிடபிள்யூஎம்-க்கு 24 டிகிரி ஏற்றம், அப்படியென்றால் ஒரு பிடபிள்யூஎம்-க்கு 0.24 டிகிரி. இதுதான் டின்னின் பெருக்கம்.

அடுத்தது தாமதம். பல்ப் எரிந்து, சென்சார் காட்டும் அளவு முதன்முதலில் மாற 10 விநாடி ஆனது என்று வையுங்கள். மூன்றாவது, மொத்த ஏற்றத்தில் 63.2 சதவீதம் எங்கே வருகிறது என்று பாருங்கள். 24-இல் 63.2 சதவீதம் 15.2, ஆக 45.2 டிகிரி. அந்த இடத்தை 190-ஆவது விநாடியில் தொட்டால், தாமதம் 10 போக மீதி 180 விநாடி. இதுதான் டைம் கான்ஸ்டன்ட், புத்தகத்தில் டௌ என்று இருக்கும்.

0.24, 10, 180. டின்னின் ஜாதகம் இந்த மூன்று எண்தான். உங்கள் டின்னுக்கு வேறு எண்கள் வரும், வந்தால்தான் சரி. அதே சோதனையை 60 பிடபிள்யூஎம்-இலும் செய்யுங்கள். பெருக்கம் சரியாக 0.24 வராது, கொஞ்சம் விலகும். பல்பின் இழை சூடாகச் சூடாக மின்தடை கூடும், டின்னும் சூட்டை வெவ்வேறு வழியில் விடும். உண்மைப் பொருள்கள் நேர்கோட்டில் நடப்பதில்லை, நாம்தான் ஒரு சிறு பகுதியை நேர்கோடாக வைத்துக் கணக்குப் போடுகிறோம். லீனியரைசேஷன் என்ற சொல் வகுப்பில் வரும்போது இந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில் எடுத்த அளவும் மீனம் மேடத்து வெயிலில் எடுத்த அளவும் ஒன்றாக இருக்காது, தொடக்க வெப்பநிலையே மாறும். அறை வெப்பநிலையை ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள்.

6. இப்போது சுற்றை மூடுங்கள்: முதலில் பி மட்டும்

நூலகத்தில் கிடைக்கும் பிஐடி நிரலை (பி, ஐ, டி என்ற மூன்று வகைத் திருத்தமும் சேர்ந்தது) இறக்கிப் போடாதீர்கள். மூன்று குமிழையும் ஒரே நேரத்தில் திருகினால் எது என்ன செய்தது என்று ஒருநாளும் தெரியவராது.

செட் பாயிண்ட், அதாவது நமக்கு வேண்டிய வெப்பநிலை, 50 டிகிரி. வித்தியாசத்தைப் பத்தால் பெருக்கி பிடபிள்யூஎம் ஆகக் கொடுங்கள், பி (புரொபோர்ஷனல்) என்பது இதுதான். வெப்பநிலை 50-க்கு வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வராது. 44-ஐ ஒட்டி நின்றுவிடும். பிள்ளைகள் இங்கேதான் நிரலில் தப்பு தேடத் தொடங்குவார்கள், தப்பு ஒன்றும் இல்லை. 50 டிகிரியில் நிற்க வேண்டுமானால் பல்புக்கு 83 பிடபிள்யூஎம் வேண்டும் (20 ÷ 0.24). வித்தியாசம் 0 ஆனால் பல்புக்குப் போவதும் 0. அப்புறம் 83 எங்கிருந்து வரும்? ஆகவே கொஞ்சம் வித்தியாசத்தை மிச்சம் வைத்துத்தான் ஓட முடியும். கணக்கு இப்படி: சுற்றின் மொத்தப் பெருக்கம் 0.24 × 10 = 2.4. மிச்ச வித்தியாசம் 20 ÷ (1 + 2.4) = 5.9 டிகிரி. ஸ்டெடி ஸ்டேட் எரர் என்று தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்பது இதைத்தான்.

கெயினை, அதாவது பெருக்கிய அந்தப் பத்தைக் கூட்டினால் மிச்சம் குறையும், 0 ஆகாது. அதற்குத்தான் ஐ, அதாவது இன்டெக்ரல். வித்தியாசத்தை நேரத்தோடு கூட்டிச் சேர்த்துக்கொண்டே போவதால், வித்தியாசம் 0 ஆன பிறகும் சேர்த்து வைத்த 83 கையில் இருக்கும்.

எண்களைக் குத்துமதிப்பாகப் போட வேண்டாம், படி 5-இல் எடுத்த மூன்றும் போதும். கெயின் = டௌ ÷ (பெருக்கம் × (தாமதம் + நீங்கள் விரும்பும் வேகம்)). வேகத்துக்கு 30 விநாடி வைத்தால் 180 ÷ (0.24 × 40) = 18.75. இன்டெக்ரல் நேரம், டௌ-வும் மேலே வந்த 40-இன் நான்கு மடங்கும் இரண்டில் எது சிறியதோ அது: 180, 160. ஆக 160 விநாடி.

இதை அப்படியே ஓட்டினால் வெப்பநிலை 50-ஐத் தாண்டிப் போய்விட்டு மெதுவாக இறங்கும். காரணம், தொடக்கத்தில் வித்தியாசம் 20, கெயின் 18.75, கேட்பது 375. பிடபிள்யூஎம்-ஆல் தர முடிந்தது 255. பல்ப் முழு மூச்சில் எரிந்துகொண்டிருக்க, இன்டெக்ரல் மட்டும் ஓயாமல் கூட்டிக்கொண்டே போகும். பிறகு அந்தக் கூட்டல் கரையும்வரை பல்ப் குறையாது. தீர்வு ஒரே வரி: வெளியீடு 255-ஐயோ 0-வையோ முட்டும்போது கூட்டுவதை நிறுத்து. விண்ட்அப் என்ற இந்தச் சங்கதிக்குப் பல பாடப்புத்தகங்களில் ஒரு பத்திதான் இருக்கும், தொழிற்சாலையில் தினசரித் தலைவலி இதுதான்.

டி-யை (டெரிவேட்டிவ், வித்தியாசம் மாறும் வேகத்தைப் பார்த்துத் திருத்துவது) இப்போதைக்குத் தொடாதீர்கள். சென்சாரின் சிறு நடுக்கத்தையும் அது பெரிதாக்கும், இவ்வளவு மெதுவான டின்னுக்குத் தேவையும் இல்லை.

மூடியைத் திறந்துவிட்டு மூடிப் பாருங்கள். செட் பாயிண்டை மாற்றுவதைவிட, வெளியிலிருந்து குழப்பும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கண்ட்ரோலரின் உண்மையான சோதனை.

7. தாமதத்தைக் கூட்டி, சுற்றைக் கெடுத்துப் பாருங்கள்

எல்லாம் ஒழுங்காக ஓடும்போது அதைக் கெடுப்பது சிலருக்கு மனசில்லாத வேலை. ஆனால் ஸ்டெபிலிட்டி (நிலைத்தன்மை) என்ற யூனிட் முழுதும் இந்த ஒரு சோதனையில் அடங்கியிருக்கிறது.

இன்டெக்ரலை நிறுத்திவிட்டு பி மட்டும் வையுங்கள். சென்சார் அளவுகளை 60 இடமுள்ள வரிசையில் போட்டு, 60 விநாடி பழைய அளவைக் கண்ட்ரோலருக்குக் கொடுங்கள். டின் அதேதான், பல்பும் அதேதான், தாமதம் மட்டும் 10-லிருந்து 70 விநாடி ஆகிவிட்டது. மேலே சொன்ன எண்களுக்குக் கணக்குப் போட்டால், 10 விநாடித் தாமதத்தில் கெயின் 120 வரை தாங்கும். 70 விநாடியில் 20-ஐ நெருங்கும்போதே ஆட்டம் தொடங்கிவிடும். கெயினை 25-இல் வைத்துப் பாருங்கள். வெப்பநிலை ஏறி இறங்கும், ஒவ்வொரு அலையும் முந்தையதைவிடப் பெரிதாகும், கடைசியில் பல்ப் முழுக்க அணைவதும் எரிவதுமாக நிலைக்கும். ஓர் அலைக்கு ஏறக்குறைய 4 நிமிடம்.

படி 3-இல் வரைந்த பேச்சிப்பாறைப் படத்தை இப்போது எடுங்கள். தண்ணீர் வரவில்லை என்று மேலும் திறந்து, வந்து நிரம்பியபின் அடைத்து, மறுபடி வறண்டு... அதே அலை. அங்கே தாமதம் விநாடியில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மருந்தும் ஒன்றே: தாமதம் பெரிதென்றால் கெயினைக் குறை, கொஞ்சம் திறந்துவிட்டுப் பொறு.

ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் அறைக்கு வெப்பநிலைக் கட்டுப்பாடு செய்கிறேன் என்று நம் மாவட்டப் பிள்ளைகள் அடிக்கடி புராஜெக்ட் எடுப்பார்கள். விறகு பற்றி, அறை சூடாகி, சென்சாருக்குத் தெரியவர எவ்வளவு நேரமாகும் என்று அளக்காமலே கண்ட்ரோலர் வாங்கிவிடுவார்கள். முதலில் தாமதம், பிறகுதான் கண்ட்ரோலர்.

8. இனி லாப்லாஸ், ரௌத், ரூட் லோகஸ், போடே

இப்போது வகுப்புப் பாடத்துக்கு வாருங்கள். டின்னின் மூன்று எண்ணையும் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனாக (உள்ளே கொடுப்பதற்கும் வெளியே வருவதற்கும் உள்ள உறவை எஸ்-இல் எழுதும் பின்னம்) எழுதுங்கள்: மேலே 0.24, கீழே 180எஸ் + 1, தாமதத்துக்கு இ-இன் அடுக்கில் −10எஸ் என்ற உறுப்பு. இதை எழுதியதும் எஸ் என்பது பயமுறுத்தும் எழுத்தாகத் தோன்றாது.

பிறகு ஒவ்வொரு முறைக்கும் ஒவ்வொரு கணக்கு என்று போடாமல், ஒரே கணக்கை எல்லா முறையிலும் போடுங்கள். இந்தப் பழக்கத்தை நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். ஒரு கணக்கு தருகிறேன். திறந்த சுற்று: மேலே கே, கீழே எஸ்(எஸ்² + 2எஸ் + 4). மூடினால் கிடைக்கும் சமன்பாடு எஸ்³ + 2எஸ்² + 4எஸ் + கே = 0.

ரௌத் அட்டவணையில் மூன்றாவது வரி (8 − கே) ÷ 2 என்று வரும். ஆகவே கே 0-க்கும் 8-க்கும் இடையில் இருந்தால் நிலையானது. கே = 8 ஆனால் துணைச் சமன்பாடு 2எஸ்² + 8 = 0, அதாவது விநாடிக்கு 2 ரேடியன் வேகத்தில் ஓயாத ஆட்டம். ரூட் லோகஸ் (கே மாறும்போது சமன்பாட்டின் விடைகள் நகரும் பாதை) வரையுங்கள்: கிளைகள் கற்பனை அச்சை அதே 2-இல், அதே கே = 8-இல் வெட்டும். போடே வரையுங்கள்: கோணம் −180-ஐத் தொடுவது அதே 2 ரேடியனில், அங்கே அளவு கே ÷ 8. கே-க்கு 4 வைத்தால் கெயின் மார்ஜின் 6 டெசிபல், இன்னும் இரண்டு மடங்கு கூட்டலாம் என்று பொருள். மூன்று யூனிட்டும் ஒரே பதிலைச் சொல்வதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு, பிறகு ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க வரும். தேர்வு ஹாலில் அது பெரிய பலம்.

வழக்கமாக விழும் இடங்கள்: கெயின் மார்ஜினும் ஃபேஸ் மார்ஜினும் (அளவு 1 ஆகும் இடத்தில் கோணம் −180-க்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பது) திறந்த சுற்றின் போடேயில் பார்க்க வேண்டியவை, மூடிய சுற்றின் படத்தில் அல்ல. டெசிபல் எடுக்கும்போது 20 லாக், 10 லாக் அல்ல. கீழே இருக்கும் (எஸ் + 5) போன்ற உறுப்பை முதலில் 5-ஆல் வகுத்து (1 + எஸ்/5) ஆக்காவிட்டால் தொடக்க உயரமே தப்பாகிவிடும். அப்படிப்பட்ட ஒற்றை உறுப்புக்குத் தோராயக் கோடுகள் மடங்கும் இடத்தில் உண்மை வளைவு 3 டெசிபல் விலகியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பிளாக் டயகிராம் சுருக்கும்போது கூட்டல் கழித்தல் குறி மாறினால் முழுக் கணக்கும் போய்விடும், ஆகவே முதல் வேலையாகச் சிவப்பு மையில் குறிகளைச் சுற்றிவிடுங்கள்.

தாமதம் போடேயில் என்ன செய்கிறது என்றும் பாருங்கள். அளவுக் கோட்டைத் தொடவே தொடாது, கோணத்தை மட்டும் இறக்கும், அதிர்வெண் கூடக்கூட இன்னும் இறக்கும். படி 7-இல் டின் ஏன் ஆடியது என்பதற்குப் பதில் இது. ஆக்டேவில் வரைந்து, −180-ஐத் தொடும் இடத்தின் அலை நேரமும் நீங்கள் கடிகாரத்தில் அளந்த 4 நிமிடமும் ஒத்துப்போகிறதா என்று சோதியுங்கள்.

9. ஸ்டேட் ஸ்பேஸ், பிறகு வீனர்

ஸ்டேட் ஸ்பேஸ், அதாவது சுற்றை அணிகளால் எழுதும் முறை, கடைசி யூனிட்டாக வரும், அவசரமாக முடிப்பார்கள். அணிகள் கைவசம் இருந்தால் மதிப்பெண் எடுக்க எளிதான யூனிட் இது. ஒரே ஒரு உறவை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: அணியின் ஐகன் மதிப்புகள்தான் சுற்றின் போல்கள், அதாவது டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனின் கீழ்ப்பகுதியை 0 ஆக்கும் எஸ் மதிப்புகள் (கன்ட்ரோலபிளாகவும் அப்சர்வபிளாகவும் இருந்தால்). படி 8-இல் உள்ள கணக்கையே இந்த வடிவத்திலும் எழுதுங்கள், போல்கள் அதேபடி வருகின்றனவா பாருங்கள்.

சைபர்நெட்டிக்ஸ் என்ற சொல்லால் ஈர்க்கப்பட்டு வருபவர்கள் நேராகக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனரின் 1948-ஆம் ஆண்டுப் புத்தகத்தைத் திறப்பார்கள். நடுவில் வரும் கணக்கைப் பார்த்து மூடியும் வைப்பார்கள். மனிதன், விலங்கு, இயந்திரம் மூன்றையும் ஒரே சுற்றாகப் பார்க்கும் அந்த எண்ணம் அருமையானதுதான், ஆனால் படி 7 முடித்த பிறகு படித்தால்தான் பிடிபடும். அதற்கு முன் படித்தால் தத்துவம் மாதிரி இருக்கும். முதல் புத்தகமாக ஆஸ்ட்ரோம், மர்ரி இருவரும் எழுதிய ஃபீட்பேக் சிஸ்டம்ஸ் நல்லது. ஆசிரியர்களே இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள், திருட்டுப் பிரதி தேட வேண்டியதில்லை.

10. மேற்படிப்புக்கு எதை நோக்கி ஓடுவது

எம்டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வில் எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் மூன்று தாளிலும் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் உண்டு. ஐஐடி மும்பையில் சிஸ்டம்ஸ் அண்டு கண்ட்ரோலுக்கெனத் தனி மையம் இருக்கிறது. நமக்குப் பக்கம் என்றால் திருவனந்தபுரம் வலியமலையில் உள்ள ஐஐஎஸ்டி (இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம்), அங்கே கண்ட்ரோல் சிஸ்டம்ஸில் எம்டெக் உண்டு. சைபர்நெட்டிக்ஸ் என்ற பெயரிலேயே படிக்க வேண்டுமென்றால் நார்வேயின் டிரோண்ட்ஹெய்மில் என்டிஎன்யூ பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் சைபர்நெட்டிக்ஸ் துறை, ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் சைபர்நெட்டிக்ஸ் பள்ளி. முன்னது கண்ட்ரோல் கணக்கில் ஆழம், பின்னது தொழில்நுட்பமும் சமூகமும் சேரும் பக்கம். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டுக்கும் ஒரே விண்ணப்பக் கடிதத்தை அனுப்பாதீர்கள்.

இன்டர்வியூவில் புராஜெக்ட் பற்றிக் கேட்டால் எதைக் காட்டுவது என்ற கேள்வி வரும். டின் போதும். அழகான வெற்றி கிராஃப் ஒன்றை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். மூன்று தாள் கொண்டு போங்கள்: ஸ்டெப் சோதனையின் வளைவு, அதிலிருந்து மூன்று எண் எடுத்த கணக்கு, தாமதம் கூட்டியபோது ஆடிய அலை. மாடல் சொன்ன அலை நேரமும் அளந்த அலை நேரமும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வித்தியாசத்தையும் எழுதி, அதற்குக் காரணம் என்ன என்று உங்களுக்குத் தோன்றுவதைக் கீழே ஒரு வரியில் சேருங்கள். கேள்வி கேட்பவர் அந்த வரியில்தான் நிற்பார்.